பட்டனை அழுத்தியதும் விண்டோ உறைந்துவிடுகிறதே?

நிரலாக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பைத்தானில் விண்டோ, பட்டன் போன்றவற்றை உருவாக்க உதவும் டிகின்டர் பற்றியவையே அதிகம். பதில்களில் வரும் மெயின்லூப், கமாண்ட், ஆஃப்டர் போன்ற சொற்களை நிரலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். சேமி, எண்ணு என்று நீங்களே வைக்கும் பெயர்கள் தமிழில் இருக்கலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: இன்புட், பிரிண்ட் என்று கருப்புத் திரையில் எழுதிப் பழகியவன் நான். ரூட்.மெயின்லூப் (ரூட் என்பது முதன்மை விண்டோ) வரிக்குக் கீழே, பெட்டியில் தட்டிய பெயரை எடுத்துச் சேமிக்கும் வரிகளை எழுதினேன். விண்டோ திறந்திருக்கும்வரை அவை ஓடவே இல்லை. மூடினால் பிழைச் செய்தி வருகிறது. (பாலிடெக்னிக் மாணவர்)

பதில்: கருப்புத் திரையில் கேட்பது நீங்கள், நீங்கள் கேட்ட வரிசையில்தான் பயனர் பதில் சொல்ல முடியும். விண்டோவில் அந்த வரிசை கிடையாது. அவர் முதலில் பெயரைத் தட்டலாம், பட்டனை அழுத்தலாம், எதுவும் செய்யாமல் மூடிவிட்டும் போகலாம். எது முதலில் வரும் என்பது நிரல் எழுதும்போது தெரியாது. அதனால் ஓட்டம் மெயின்லூப்பின் கையில் இருக்கிறது. கிளிக், விசை, மவுஸ் அசைவு என ஒவ்வொரு நிகழ்வையும் இயங்குதளம் வரிசையில் போடும். மெயின்லூப் முன்னால் நிற்பதை எடுத்து, அது எந்த விட்ஜெட்டுக்கு (பட்டன், பெட்டி போன்ற உறுப்புக்கு) உரியது என்று பார்த்து, அதற்கு நீங்கள் பதிவு செய்த ஃபங்ஷனை அழைக்கும். அந்த ஃபங்ஷன் முடிந்து திரும்பினால்தான் அடுத்ததை எடுக்கும். விண்டோ மூடும்வரை இந்தச் சுற்று நிற்காது. கீழே உள்ள வரிகளுக்கு முறை வரும்போது பெட்டியே அழிந்திருக்கும்; இல்லாத பெட்டியிடம் உரையைக் கேட்பதால்தான் பிழை.

சேமிக்கும் வரிகளை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துப் பட்டனில் பதிவு செய்யுங்கள். மூடும்போதும் சேமிக்க வேண்டுமானால் ரூட்.புரோட்டோகாலில் 'டபிள்யூஎம்_டெலீட்_விண்டோ' (விண்டோவை மூடும் நிகழ்வு) என்ற பெயருக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள். அதன் கடைசி வரி ரூட்.டெஸ்ட்ராய் ஆக இருக்கட்டும். அதை மறந்தால் விண்டோ மூடவே மூடாது.

கேள்வி: விண்டோ திறக்கும்போதே 'சேமித்தாயிற்று' என்று வருகிறது. பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. (கல்லூரி மாணவி)

பதில்: கமாண்ட்=சேமி() என்று எழுதியிருப்பீர்கள். அடைப்புக்குறி போட்டால் அந்த இடத்திலேயே ஃபங்ஷன் ஓடி முடிந்து, அது திருப்பித் தந்த 'நன்' (மதிப்பு எதுவும் இல்லை என்பது) மட்டும் பட்டனிடம் போகிறது. கமாண்ட்=சேமி என்று பெயரை மட்டும் கொடுங்கள்.

கால்குலேட்டர் செய்கிறவர்களுக்கு இதன் தொடர்ச்சியாக இன்னொரு சிக்கல் வரும். ஃபார் லூப்பில் 0 முதல் 9 வரை பத்து பட்டன்களை உருவாக்கி, லாம்ப்டா எனும் பெயரில்லாச் சிறு ஃபங்ஷனாக லாம்ப்டா: தட்டு(எண்) என்று கொடுத்தால், எதை அழுத்தினாலும் 9தான் வரும். 'எண்' மாறியின் மதிப்பை லாம்ப்டா அழுத்தும் நேரத்தில்தான் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து 9இல் நிற்கிறது. லாம்ப்டா எண்=எண்: தட்டு(எண்) என்று எழுதினால் அந்தந்த மதிப்பு அங்கேயே பிடித்துவைக்கப்படும்.

கேள்வி: 200 ஃபைல்களை நகலெடுக்கும் சிறு கருவி செய்தேன். 'இத்தனை முடிந்தது' என்று லேபிளில் காட்ட எழுதியும் கடைசியில்தான் மாறுகிறது. நடுவில் விண்டோ வெளிறி 'நாட் ரெஸ்பாண்டிங்' என்கிறது. (அலுவலக ஊழியர்)

பதில்: நகலெடுக்கும் லூப் முழுவதும் பட்டனின் ஃபங்ஷனுக்குள் ஓடுகிறது. அது திரும்பும்வரை மெயின்லூப் எதையும் எடுக்க முடியாது. லேபிளின் எழுத்தை மாற்றும் வரி, 'இதைத் திரும்ப வரைய வேண்டும்' என்று குறித்துவைப்பதோடு சரி. வரைவதும் மெயின்லூப்பின் வேலை. விண்டோஸில் ஒரு நிரல் 5 விநாடி தன் நிகழ்வுகளை எடுக்காமல் இருந்தால் அதை உறைந்ததாகக் கொண்டு அந்தச் செய்தியைக் காட்டும்.

பட்டனை முதல் வரியில் முடக்கிக் கடைசி வரியில் திறந்துவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நடுவில் அழுத்திய கிளிக் வரிசையில் காத்திருந்து, பட்டன் திறந்த பிறகே எடுக்கப்படும். நகலெடுப்பு மறுபடி தொடங்கும்.

உங்கள் வேலையைத் துண்டாக்கலாம் என்பதால், குறித்த நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை அழைக்கச் சொல்லும் ஆஃப்டர் போதும். ஒரு ஃபைலை மட்டும் நகலெடுத்து, லேபிளை மாற்றி, மிச்சம் இருந்தால் ரூட்.ஆஃப்டர்(10, அடுத்தது) என்று சொல்லித் திரும்பும் ஃபங்ஷனாக 'அடுத்தது'வை எழுதுங்கள். 10 என்பது மில்லி விநாடி. 200 ஃபைலுக்கு மொத்தம் 2 விநாடிதான் கூடுதல். நடுவில் லேபிளும் மாறும், 'நிறுத்து' பட்டனும் வேலை செய்யும். இங்கேயும் பெயருக்குப் பின் அடைப்புக்குறி கூடாது. போட்டால் ஃபங்ஷன் தன்னைத்தானே இடைவிடாமல் அழைத்து, ஃபைல்கள் மிகுதியாக இருந்தால் ரிகர்ஷன்எரர் என்ற பிழையில் முடியும்.

ஒரே ஃபைல் பல ஜிபி இருந்தால் இது உதவாது, தனி த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு ஓட்டம்) வேண்டும். அந்த த்ரெட் லேபிளைத் தொடவே கூடாது. தொட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் விழும். இப்படிப்பட்ட பிழையைத் தேடிப் பிடிப்பதுதான் மிகவும் கடினம். முன்னேற்றத்தை க்யூவில் (த்ரெட்கள் தகவல் பரிமாறும் வரிசையில்) போடும்படி அதனிடம் சொல்லுங்கள். மெயின் த்ரெட்டில் 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஆஃப்டர் மூலம் ஒரு ஃபங்ஷன் கெட்_நோவெயிட் கொண்டு அதைப் படிக்கட்டும்; காலியாக இருந்தால் வரும் எம்ப்டி பிழையையும் அங்கேயே பிடித்துவிடுங்கள்.

காத்திருக்கும் நிகழ்வுகளை உடனே எடுக்கச் சொல்லும் ரூட்.அப்டேட்டை லூப்புக்குள் போடும் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கிளிக்குகளையும் அந்த இடத்திலேயே நிறைவேற்றும். முதல் நகலெடுப்பு பாதியில் நிற்க, அதற்குள் இரண்டாவது தொடங்கிவிடும்.

கேள்வி: தேடல் பெட்டியில் 'கீ' (விசை அழுத்தும்) நிகழ்வை என் ஃபங்ஷனோடு பைண்ட் செய்தேன், அதாவது இணைத்தேன். 'மது' என்று தேடினால் ஒரு விசை பின்தங்கிய உரையே கிடைக்கிறது. (வாசகர்)

பதில்: பைண்ட் செய்த உங்கள் ஃபங்ஷன் முதலில் ஓடும், எழுத்தைப் பெட்டியில் சேர்க்கும் டிகின்டரின் சொந்த ஃபங்ஷன் அதற்குப் பிறகுதான் ஓடும். (எண் மட்டும் ஏற்க வேண்டிய பெட்டியில் இந்த வரிசை நன்மையே: 'பிரேக்' என்ற சரத்தைத் திருப்பித் தந்தால் அந்த எழுத்து உள்ளே போகாது.) 'கீரிலீஸ்' (விசையை விடும் நிகழ்வு) வைத்தால் சரியாகும். ஆனால் மவுஸால் ஒட்டப்பட்ட உரை அதில் தப்பிவிடும். ஆகவே பெட்டிக்கு ஒரு ஸ்ட்ரிங்வார் (உரையை வைத்திருக்கும் டிகின்டர் மாறி) கொடுத்து, ட்ரேஸ்_ஆட் மூலம் 'ரைட்'டை, அதாவது மதிப்பு எழுதப்படுவதைக் கவனியுங்கள். உரை எந்த வழியில் மாறினாலும் அது சொல்லும்.

கேள்வி: ஆஃப்டர்(1000) வைத்துச் செய்த நிறுத்துக்கடிகாரம் நேரம் போகப்போகப் பின்தங்குகிறது. (பள்ளி ஆசிரியர்)

பதில்: 1000 என்றால் 'குறைந்தது 1000 மில்லி விநாடி கழித்து' என்றே பொருள். மெயின்லூப் வேறு வேலையில் இருந்தால் அழைப்பு தாமதமாகும், அந்தத் தாமதங்கள் சேர்ந்துகொண்டே போகும். அழைப்புகளை எண்ணாதீர்கள். தொடங்கும்போது டைம்.மோனோடானிக் தரும் விநாடி மதிப்பைக் குறித்துவைத்து, ஒவ்வொரு அழைப்பிலும் இப்போதைய மதிப்பிலிருந்து அதைக் கழித்துக் காட்டுங்கள். அழைப்பை 200 மில்லி விநாடிக்கு ஒன்றாக வைத்தால் விநாடி தாவுவதும் கண்ணில் படாது.