டி-ரெக் செல்களும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும்: கேள்வி பதில்

அம்மாபேட்டை வாசகர்: ஹெபடைடிஸ் பி இருக்கிறது. டி-ரெக் டெஸ்ட் சேலத்தில் எந்த லேபில் எடுப்பார்கள்?

எடுக்கவே வேண்டாம். டி-ரெக் என்பது மற்ற நோயெதிர்ப்புச் செல்கள் எல்லை மீறாமல் அடக்கிவைக்கும் ஒரு வகை வெள்ளையணு. அந்த எண்ணை வைத்து எந்த டாக்டரும் மருந்தை மாற்றப் போவதில்லை. எச்பிவி டிஎன்ஏ (ரத்தத்தில் வைரஸ் அளவு), எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பு காட்டும் ரத்த டெஸ்ட்), ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் தழும்பை அளக்கும் ஸ்கேன்) போதும்.

ஆராய்ச்சி மாணவி: டி-ரெக்கை எண்ண ஏற்காட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் ரத்தம் கொண்டுவந்தோம் சார். செல்லின் மேற்பரப்பு அடையாளங்களான சிடி4, சிடி25 நன்றாகத் தெரிகிறது. டி-ரெக்கின் அடையாளப் புரதமான ஃபாக்ஸ்பி3 மட்டும் வரவேயில்லை.

ஐஸ் தப்புதான், ஆனால் காரணம் அதுவல்ல. ஃபாக்ஸ்பி3 செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. சைட்டோகைனுக்கு (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்) சாயமேற்றும் சாதாரண சப்போனின் கிட் வெளிச்சவ்வைத் திறக்கும், உட்கருவைச் சரியாகத் திறக்காது. ஃபாக்ஸ்பி3-க்கென்றே வரும் பஃபர் செட் வாங்குங்கள். மேற்பரப்பு ஆன்டிபாடிகளை முதலில் போட்டு, கழுவி, பிறகு ஃபிக்ஸ் செய்யுங்கள்: இருட்டில் 30 முதல் 60 நிமிடம். பெர்ம் பஃபரை (செல்லைத் திறக்கும் திரவம்) அன்றன்றைக்குப் பத்து மடங்கு நீர்த்து, இரண்டு முறை கழுவியபின் ஃபாக்ஸ்பி3 ஆன்டிபாடி.

சிடி127 என்ற மேற்பரப்பு அடையாளத்தையும் கட்டாயம் சேருங்கள். தூண்டப்பட்ட சாதாரண டி செல்லும் சிடி25-ஐக் காட்டும், கொஞ்ச நாள் ஃபாக்ஸ்பி3-யும் காட்டும். சிடி127 குறைந்திருப்பதுதான் டி-ரெக். சிடி4 செல்களில் 5 முதல் 10 சதவீதம் வழக்கம். 25 சதவீதம் வந்தால் நோயாளியைச் சந்தேகிக்காதீர்கள், கேட் (வரைபடத்தில் செல்களைப் பிரிக்க இடும் எல்லை) போட்ட இடத்தைச் சந்தேகியுங்கள். அடுத்த முறை ஹெப்பாரின் குழாயில், அறை வெப்பத்தில், 24 மணி நேரத்துக்குள் மலையிறக்குங்கள். குளிர்ந்த ரத்தத்தில் செல் பிரித்தால் கிரானுலோசைட் என்ற வேறு வகை வெள்ளையணு கலந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: டி-ரெக் டெஸ்ட் ரேட் என்ன?

முதல் பதில்.

ஓமலூர் வாசகர்: இந்த டி-ரெக்தானே வைரஸைக் காப்பாற்றுகிறது? அதை அழித்துவிட்டால் நோய் போய்விடுமே!

பாதி சரி. பி வைரஸ் ஈரல் செல்லைத் தானாகக் கொல்வதில்லை. தொற்றிய செல்லைத் தாக்குவது நம் சிடி8 செல்கள் (கொல்லி டி செல்கள்). செல்கள் பெருகத் தேவையான ஐஎல்-2-வை உறிஞ்சியும், எதிர்ப்பைத் தணிக்கும் ஐஎல்-10 சுரந்தும், சிடிஎல்ஏ-4 என்ற மேற்பரப்புப் புரதம் மூலமாகவும் டி-ரெக் அவற்றை அடக்குகிறது. அதனால் வைரஸும் தங்குகிறது, ஈரலும் தப்பிக்கிறது. எலிகளில் டி-ரெக்கை நீக்கியபோது வைரஸ் சீக்கிரம் குறைந்தது, ஈரல் சேதமோ கூடியது. பழியெல்லாம் டி-ரெக் மேல் போடவும் முடியாது: பிடி-1 என்ற தடைப் புரதம் ஏறிக் களைத்துப்போன சிடி8 செல்களும், ஈரல் செல்லின் உட்கருவில் பதுங்கியிருக்கும் வைரஸின் மூலப்பிரதியான சிசிசி டிஎன்ஏ-வும் இருக்கின்றன.

ஓமலூர் வாசகர்: கேன்சருக்கு சிடிஎல்ஏ-4 தடுப்பு மருந்து கொடுக்கிறார்களே?

கொடுக்கிறார்கள். அதன் பக்கவிளைவுகளில் ஈரல் அழற்சியும் ஒன்று. உயிருக்கே ஆபத்தான நோயில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரையில் வைரஸ் அடங்கியிருக்கும் பி நோயாளிக்கு எதற்கு? ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சர்க்கரை நோய், தீராத வயிற்றுப்போக்கு என்று உடம்பே உடம்பைத் தாக்குகிறது. 2025 மருத்துவ நோபல் இந்தச் செல்களைக் கண்டறிந்ததற்குத்தான்.

ஆத்தூர் வாசகர்: கீழாநெல்லி குடித்தால் டி-ரெக் சரியாகுமா?

நாள்பட்ட பி தொற்றை அது குணப்படுத்தும் என்பதற்கு நம்பகமான ஆதாரமில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வைரஸ் பொங்கி ஈரலே செயலிழக்கலாம்.

வாழப்பாடி வாசகர்: சி வைரஸ் குணமானபின் டி-ரெக் பழையபடி ஆகுமா?

12 வார மாத்திரையில் பெரும்பாலோருக்கு வைரஸ் போய்விடும். டி-ரெக் அவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வருவதில்லை. ஏற்கெனவே சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குதல்) இருந்தால் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் தொடர வேண்டும்.

இன்னொருவர்: டெஸ்ட் எங்கே...

மேலே.

ஏற்காடு வாசகி: எனக்கு பி பாசிட்டிவ், ஏழு மாதக் கர்ப்பம்.

டி-ரெக்கை மறந்துவிடுங்கள் அம்மா. டிஎன்ஏ அளவு பார்த்து உங்களுக்கு மாத்திரை வேண்டுமா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி). பிரசவம் பார்க்கும் இடத்தில் அந்த இரண்டு ஊசிகளும் இருப்பு உள்ளதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.