மூன்றரை வயதில் தந்தையை இழந்த மகனுக்கு அவரோடு உறவு என்று ஏதாவது இருக்க முடியுமா?

கேள்வி கேட்டவர், அமெரிக்காவின் கிராமிய வழி இசையான 'கண்ட்ரி'யின் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்திருக்கிறார். ஆறு ஆண்டுகள்கூட நீடிக்காத இசைத்தட்டு வாழ்க்கை, தந்தை இறக்கும்போது மூன்றரை வயது மகன். இதில் பாசம், பிணைப்பு என்றெல்லாம் பேசுவது பிற்காலத்தில் பாட்டு விற்பதற்காகச் சொன்ன கதைதானே என்று கேட்கிறார். அவர் தந்தையின் கைப்பிடியில் வளர்ந்தவராக இருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு நான்கு வயதில் தந்தை இறந்தார். அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஹேங்க் பிறந்த மண்ணும் அடக்கமான மண்ணும் இந்த மாநிலம்தான். ஆகவே இந்தக் கேள்வியைக் கடந்து போக என்னால் முடியவில்லை.

ஹேங்க் வில்லியம்ஸ் 1946 டிசம்பரில் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார். 1952 செப்டம்பரில் கடைசியாக ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றார். கண்ட்ரி இசையின் அடித்தளம் என்று இன்றும் சொல்லப்படும் பாடல்கள் எல்லாம் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் அடங்கிவிடுகின்றன. 1949 மே 26 அன்று மகன் பிறந்தான். பதினாறு நாள் கழித்து, ஜூன் 11 அன்று, கண்ட்ரி இசைக்குப் பெயர்போன வானொலி நிகழ்ச்சியான நாஷ்வில்லின் கிராண்ட் ஓலே ஓப்ரி மேடையில் தந்தை முதன்முறையாகப் பாட, கூட்டம் விடாமல் ஆறு முறை திரும்பப் பாட வைத்தது. மேடையும் மகனும் ஒரு மாதத்துக்குள் வந்து சேர்ந்த வீடு அது. அதே ஓப்ரியில் ராட் பிராஸ்ஃபீல்ட் என்ற நகைச்சுவைக் கலைஞர் வைத்திருந்த பேசும் பொம்மையின் பெயர் போசிஃபஸ். அந்தப் பெயரையே ஹேங்க் தன் மகனுக்குச் செல்லப்பெயராக வைத்தார். எழுபது வயதைக் கடந்த பிறகும் அந்த மகனை ரசிகர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். தந்தை வைத்த செல்லப்பெயரை ஊரே சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்த பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஹேங்கின் குடியை நான் நியாயப்படுத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறவியிலேயே முதுகெலும்பில் குறை, தீராத வலி, அதற்கு மேல் மதுவும் மருந்தும். 1952-இல் மனைவியோடு மணமுறிவு, ஆகஸ்டில் ஓப்ரியிலிருந்து நீக்கம். 1953 புத்தாண்டு நாளன்று ஒஹாயோவில் நடக்கவிருந்த கச்சேரிக்குப் போகும் வழியில், மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில் என்னும் சிற்றூரில், காரின் பின்னிருக்கையில் உயிரற்றுக் கிடந்தார், வயது 29. அவருடைய தந்தையும் ஹேங்கின் சிறுவயதிலேயே படைவீரர் மருத்துவமனைக்குப் போய்ப் பல ஆண்டுகள் வீடு திரும்பாதவர். தந்தையில்லாத வீட்டில் வளர்ந்தவர் இன்னொரு தந்தையில்லாத வீட்டை விட்டுச் சென்றார் என்பது உண்மை. அதை மறைத்துவிட்டுப் பாசத்தை மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகனை அழைத்துக்கொண்டு, ஹேங்க் அடக்கமான மான்ட்கமரிக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். ஓக்வுட் கல்லறைத் தோட்டத்தில் ஹேங்கின் உயரமான நினைவுக்கல்லின் அடியில், பளிங்கில் செதுக்கிய ஒரு தொப்பி வைக்கப்பட்டிருக்கிறது. என் மகன் அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு நகரின் நடுவிலிருந்த ஹேங்க் வில்லியம்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அவர் இறந்து கிடந்த 1952-ஆம் ஆண்டு வெளிர்நீல காடிலாக் அங்கே நின்றது. அந்தக் காரை மகன் ஹேங்க் ஜூனியர் தம் பள்ளிப் பருவத்தில் ஓட்டிச் சென்றிருக்கிறார் என்று சொன்னதும் என் மகன் திகைத்துவிட்டான். எனக்குத் திகைப்பில்லை. தந்தை தொட்ட பொருள் ஒன்று கைக்குக் கிடைத்தால் மகன் அதற்குள் ஏறி உட்காரத்தான் செய்வான்.

என்னிடம் இருப்பது ஒரு கேசட். என் தந்தை குவைத்தில் வேலை பார்த்தார். கடிதம் எழுதுவதற்குப் பதிலாகப் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவது அன்றைய வளைகுடா வாழ்க்கையில் வழக்கம். அவர் இறந்த பிறகு எஞ்சியது ஒரே ஒரு அறுபது நிமிட கேசட். அதையும் வீட்டில் யாரோ தவறுதலாக மற்ற கேசட்டுகளோடு சேர்த்துப் பாட்டுப் பதிய ஒரு ரெக்கார்டிங் சென்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்த பட்டியல்படி அவர்கள் பதிந்து தள்ளினார்கள். கேசட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகளை யாராவது உடைத்து வைத்திருந்தால் எதுவும் அழிந்திருக்காது. பேச்சு இருக்கிறதே என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் அழிந்திருக்காது. இன்றுவரை எனக்கு ஆறாத மனக்குறை அது. பதினோரு நிமிடம் மட்டும் தப்பியது.

அதனால்தான் 1989-இல் ஹேங்க் ஜூனியர் செய்ததை வியாபாரம் என்று சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை. தந்தை கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடிப் பதிந்து, பிக் பில் லிஸ்டர் என்ற பாடகரிடம் கொடுத்திருந்த 'தேர்ஸ் எ டியர் இன் மை பியர்' என்ற பாடலின் மாதிரித் தட்டை, லிஸ்டர் நெடுங்காலம் கழித்து மகனிடம் சேர்ப்பித்தார். அந்தக் குரலோடு மகன் தம் குரலைச் சேர்த்தார். படக்காட்சிக்காக, 1952-இல் தொலைக்காட்சியில் தந்தை பாடிய வேறொரு பாட்டின் படத்தை எடுத்து உதட்டசைவை மாற்றியமைத்தார்கள். இருவர் குரலும் சேர்ந்த அந்தப் பாட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது. காட்சியில் தந்தைக்கு இருபத்தெட்டு வயது, மகனுக்கோ ஏறக்குறைய நாற்பது. தன்னைவிட இளையவரான தந்தையின் அருகில் நின்று பாடுகிற ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துவிட்டு விளம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தந்தை இறந்து ஐந்தாம் நாள் பிறந்து, அவர் முகத்தையே பார்க்காத மகள் ஜெட் வில்லியம்ஸை அவருடைய வாரிசு என்று அலபாமா உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் அதே 1989-இல்தான்.

இந்த உறவு சுகமாக மட்டும் இருந்தது என்று நான் சொல்லவில்லை. எட்டு வயதிலேயே தாய் ஆட்ரி ஹேங்க் ஜூனியரை மேடையேற்றித் தந்தையின் பாடல்களைப் பாட வைத்தார். 1964-இல் தந்தையின் வாழ்க்கையைப் படமாக எடுத்தபோது நடிகருக்குப் பின்னாலிருந்து பாடியதும் பதின்வயதில் இருந்த அவர்தான். கூட்டத்துக்கு வேண்டியிருந்தது செத்துப்போன மனிதரின் குரல். அதிலிருந்து விடுபட்டுத் தமக்கென்று ஓர் இசையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், 1975 ஆகஸ்டில் மான்டானா மாநிலத்து மலையிலிருந்து ஏறக்குறைய 500 அடி விழுந்து முகம் சிதைந்தது. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு பேசவும் பாடவும் மறுபடி கற்றுக்கொண்டார். தாடியும் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் அந்தத் தழும்புகளை மறைக்கவே வந்தன. தந்தையின் நகலாக இருக்க மாட்டேன் என்று இத்தனை பாடுபட்டு நிரூபித்தவர்தான் பதினான்கு ஆண்டு கழித்துத் தாமாகவே தந்தையின் அருகில் போய் நின்றார். உறவே இல்லாத ஒருவரோடு யாரும் இவ்வளவு காலம் போராட மாட்டார்கள்.

மான்ட்கமரியிலிருந்து திரும்பும்போது, கைப்பேசியில் மாற்றி வைத்திருந்த அந்தப் பதினோரு நிமிடத்தை மகனுக்குப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு பேச்சுக்கு முன்னும் என் தந்தை தொண்டையைச் செருமுவார். பின்னால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்கும். கடைசியில், "தம்பிகிட்ட சொல்லு, சித்திரைக்கு வரும்போது அவனுக்கு ஒரு..." என்பதோடு அறுந்து, சினிமாப் பாட்டு தொடங்கிவிடும். தாத்தா என்ன வாங்கி வருவதாகச் சொன்னார் என்று மகன் கேட்டான். சாவி கொடுத்தால் ஓடும் சிவப்புக் கார் என்று அம்மா சொல்கிறார். இல்லை, மூன்று சக்கர சைக்கிள் என்கிறார் சித்தப்பா.