பிழையோடு எழுதட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

உசிலம்பட்டி வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 'எங்கள் ஊர்த் திருவிழா' பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதி வரச் சொன்னேன். சிலர் பிழையே இல்லாமல், ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுதி வந்தார்கள். வீட்டுக் கைபேசியில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதியதாக ஒரு மாணவி தயங்காமல் சொன்னாள். இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்து மதிப்பெண்ணைக் குறைக்கலாம் என்கிறார்கள் உடன் பணிபுரிவோர் சிலர். காலம் மாறிவிட்டது, விட்டுவிடுங்கள் என்கிறார்கள் வேறு சிலர். சொந்தமாக ஓர் ஆங்கில வாக்கியம் எழுதவே அஞ்சும் பிள்ளைகளுக்கு இது உதவியா, தீங்கா?

ஓர் ஆங்கில ஆசிரியை

*

மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு,

கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணிலும் கைவைக்க வேண்டாம். அடுத்து வரும் சொல் எளிதில் ஊகிக்கக் கூடியதாக இருந்தால் அது இயந்திரத்தின் எழுத்து என்று எண்ணுவதே அத்தகைய பல மென்பொருள்களின் வழி. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளையும் தெரிந்த சில சொற்களையும் எளிய வாக்கியங்களையும் வைத்துத்தான் எழுதும். ஆகவே முதலில் மாட்டிக்கொள்வது அந்தப் பிள்ளைதான். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு மென்பொருள்களைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகக் கூறின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

ஆனால் 'விட்டுவிடுங்கள்' என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று ஒரு மாணவன் எழுதினால், 'என் அப்பா விவசாயி' என்ற முழுமையான தமிழ் வாக்கியம் அதனடியில் இருப்பதும், ஆங்கிலம் அங்கே ஒரு வினைச்சொல்லைக் கேட்கிறது என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதும் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அந்தப் பிழைதான் உங்களுடைய அடுத்த நாள் பாடம். இயந்திரம் அதைக் கணப்பொழுதில் துடைத்துச் செம்மையான பத்தியைத் தந்துவிடும்போது, அவன் எங்கே நிற்கிறான் என்பதை அறிய உங்களுக்கு இருந்த ஒரே வழியும் சேர்ந்து மறைந்துபோகிறது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வு கணிதப் பாடத்தைப் பற்றியதுதான் என்றாலும், நமக்கும் பொருந்துமென்றே நினைக்கிறேன். கேட்டதையெல்லாம் சொல்லும் கருவியை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். கருவி இல்லாமல் தேர்வு எழுதியபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் நேரவில்லை.

இந்த நோய் சாட்ஜிபிடியோடு வந்ததும் அல்ல. கடிதமும் கட்டுரையும் நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்து எழுத வேண்டியவை என்றுதான் நம் பிள்ளைகளைப் பல காலமாகப் பழக்கியிருக்கிறோம். நோட்ஸ் செய்த வேலையை இயந்திரம் இன்னும் விரைவாகச் செய்கிறது. ஆகவே மாற வேண்டியது முதலில் நாம் கேட்கும் கேள்வி. 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று பொதுவாகக் கேட்டால் வண்ண விளக்குகளும் மகிழ்ச்சியான மக்களும் கொண்ட, எந்த ஊருக்கும் பொருந்தும் பத்திதான் வரும். உங்கள் வீட்டில் முளைப்பாரி போட்டது யார், என்னென்ன பயறு போட்டார்கள், எந்த அறையில் வைத்தார்கள், அதற்குத் தண்ணீர் தெளித்தது யார் என்று கேளுங்கள். அதற்கான விடை அந்தப் பிள்ளையிடம் மட்டுமே இருக்கிறது.

இதை வீட்டுப்பாடமாகக் கொடுக்காமல் வகுப்பிலேயே, குறிப்பேட்டில், பேனாவால் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டு மேலே செல்லட்டும். வாக்கியம் முடிவதுதான் முக்கியம். இயந்திரத்துக்கு இடம் அதற்குப் பிறகுதான். அந்த இடத்தில் அது உண்மையாகவே உதவும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்தோம் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது' என்று தமிழிலேயே கேட்கலாம், அது விடை சொல்லும். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர்கூட இல்லாத பிள்ளைக்கு இது சிறிய உதவி அல்ல. 'திருத்தி எழுதாதே, பிழையுள்ள இரண்டு இடங்களை மட்டும் காட்டு, காரணத்தைத் தமிழில் சொல்' என்று கேட்கவும் பழக்கலாம். காட்டும் காரணம் சில வேளை தவறாகவும் இருக்கும் என்பதால் நீங்கள் அருகில் இருக்க வேண்டும்.

இதற்குப் பிள்ளைகளின் கையில் கைபேசி தேவையில்லை. பல வீடுகளில் இருக்கும் ஒரே கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. அதை நம்பிப் பாடம் அமைத்தால் இல்லாதவர்கள் மேலும் பின்தங்குவார்கள். பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஓப்பன்ஏஐ சாட்ஜிபிடியை அனுமதிப்பதில்லை. பதினெட்டு வரை பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. வகுப்பறைப் பயன்பாட்டுக்குக் குறைந்தது 13 வயது என்ற வரம்பை யுனெஸ்கோவும் 2023-இல் பரிந்துரைத்தது. ஆகவே பள்ளிக் கணினியில், உங்கள் கணக்கில், பிள்ளைகளின் பெயரோ வீட்டுச் செய்தியோ உள்ளே போகாமல், வகுப்பு முழுவதும் பார்க்கும்படி பயன்படுத்துவதே நல்லது. இயந்திரம் எழுதிய திருவிழாப் பத்தியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இதில் நம் ஊர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். குறை கண்டுபிடிப்பதில் நம் பிள்ளைகள் சளைத்தவர்கள் அல்லர்.

நாற்பது குறிப்பேடுகளை ஒருவர் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதை அறியாமல் இதைச் சொல்லவில்லை. எல்லாப் பிழைகளையும் திருத்த வேண்டாம். ஒரு வாரம் இறந்தகால வினையை மட்டும் பாருங்கள், மறு வாரம் 'ஏ', 'தி' ஆகியவற்றை மட்டும். மற்றவற்றில் சிவப்பு மை படாமல் இருந்தால், அஞ்சுகிற பிள்ளையும் இரண்டாவது வாக்கியத்துக்குப் போகும்.