ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை

கேள்வி: தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் 18 வருஷமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். சட்டம் வந்ததால் கவுன்டருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறோம். உட்காரவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார் முதலாளி. எனக்கும் அப்படித்தான் படுகிறது. நாங்களெல்லாம் நின்றே தொழில் கற்றவர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன வந்தது?
- வாசகர், மதுரை

பதில்: நீங்கள் நின்றதை மதிக்கிறேன். ராத்திரி வீட்டுக்குப் போய் வெந்நீரில் கால் வைத்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. அதே வலி அடுத்தவர் மகளுக்கும் வந்தால்தான் தொழில் வருமா?

தீபாவளி நேரத்தில் அக்காவோடு சேலை எடுக்கப் போயிருந்தேன். காலையில் கவுன்டரில் இருந்த பெண் அவ்வளவு கலகலப்பு. "இது உங்க நிறத்துக்கு எடுக்கும்க்கா" என்று தோளில் போட்டே காட்டினார். ஒரு சேலையை மாற்ற இரவு 8 மணிக்கு மறுபடி போனோம். அதே பெண் ஒற்றைக் காலை மடக்கி அலமாரியில் சாய்ந்து நின்றார். மயில்கழுத்துக் கலர் கேட்டால் ராமர் பச்சையை எடுத்துவந்தார். திரும்பக் கேட்டதற்கும் அதே பச்சை. இன்னும் இரண்டு எடுக்க நினைத்திருந்த அக்கா, போதுமென்று இறங்கிவிட்டார். பக்கத்திலேயே ஸ்டூல் இருந்தது, அதன்மேல் அட்டைப்பெட்டிகள். உங்கள் முதலாளி பயப்படுகிற நஷ்டம் அன்றைக்கு என் கண்முன்னே நடந்தது. உட்கார்ந்ததால் வந்த நஷ்டமில்லை அது.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-லேயே இதை எழுதிவிட்டார். வேலைப் பளு அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வதென்று முடிவெடுக்கும் உரிமையும் கையில் இல்லாதபோதுதான் ஆள் தளர்ந்துபோகிறார் என்பது அவர் கண்டது. கடைப் பெண்கள் கையில் என்ன இருக்கிறது? பாத்ரூம் போக உங்களிடம் கேட்கக் கூசி, சித்திரை வெயிலிலும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பும் கால் நரம்புச் சுருட்டலும் அவர்களோடு வீட்டுக்குப் போகின்றன.

உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் சேர்த்தார்கள். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 4 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர ஓய்வு என்பது 1947-ஆம் வருஷத்து மூலச் சட்டத்திலேயே உண்டு. சீசன் நாளில் அந்த ஒரு மணி நேரம் உங்கள் கடையில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? எண்ணிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் பேசுங்கள்.

அதற்கு முன்னால், நாளைக்குக் கடை திறந்ததும் உங்கள் ஸ்டூல் மேலும் பெட்டிகள் இருந்தால் இறக்கிவையுங்கள். "கூட்டம் இல்லாதப்ப உட்காருங்கம்மா" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறவரை யாரும் உட்கார மாட்டார்கள்.