கிட்டார் கேள்வி–பதில்: டோனி அயோமியின் இரண்டு விரல்கள்

கேள்வி: பவர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் கிட்டார் கம்பியை அழுத்தினால் உயிர் போகிற வலி. விட்டுவிடலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: விடாதீர்கள் தம்பி. பிளாக் சபாத் என்ற ராக் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியும் உங்களைப் போல் பட்டறையில் விரல் இழந்தவர்தான்.

பர்மிங்காமில் தகரப் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தார். இசைக்குழுவோடு வெளிநாடு போவதற்காக, 17 வயதில் வேலையை விடுகிறார். கடைசி நாள். மதியம் வீட்டுக்கு வந்தவர் இனிப் போகமாட்டேன் என்கிறார். அன்றைய வேலையை முடித்துவிட்டு வரச் சொல்லி அம்மா திருப்பி அனுப்புகிறார். அன்று தகரம் அழுத்தும் பிரஸ் இயந்திரத்தை ஓட்டுகிற ஆள் வரவில்லை என்று, பழக்கமே இல்லாத இவரை அதில் நிறுத்தியிருந்தார்கள். நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. வலது கைதான், ஆனால் அவர் இடக்கைக்காரர். கம்பி அழுத்துகிற கையே அது.

மனம் விட்டுக் கிடந்தவருக்குப் பட்டறை மேலாளர் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். அதில் கிட்டார் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928ல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகும் ஜாஸ் உலகத்தையே ஆட்டிவைத்தவர்.

அப்புறம் அயோமி செய்த காரியத்தைக் கவனியுங்கள். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் அயர்னால் துளை போட்டு, விரலில் சரியாக உட்காரும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டில் ஒரு துண்டை வெட்டி மேலே ஒட்டினார். கனமான கம்பிகள் அந்த விரல் தொப்பிக்கு ஒத்துவராததால், பாஞ்சோ என்ற வாத்தியத்தின் மெல்லிய கம்பிகளைக் கிட்டாரில் மாட்டினார். 1971ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு ட்யூனிங்கையே மூன்று செமிடோன் (அரைச் சுரம்) இறக்கினார். கம்பி தளர்ந்தது, விரலுக்கு நிம்மதி. அந்த இருண்ட, கனத்த ஒலியைத்தான் ஹெவி மெட்டல்காரர்கள் இன்றுவரை தேடிப் போகிறார்கள். மனவலிமை என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கைக்குத் தக்கபடி அவர் கிட்டாரை மாற்றினார், அதுதான் விஷயம்.

சரி, உங்களுக்கு. முதலில் அந்த வலியை டாக்டரிடம் காட்டுங்கள். ஆறிய விரலில் இவ்வளவு வலி என்றால், நரம்பு முனை சிக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. நம் ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. அவர்கள் சரி என்றபின் 009 செட் என்கிற மெல்லிய கம்பிகளை மாட்டி, எல்லாக் கம்பியையும் ஒரு செமிடோன் இறக்குங்கள். ஆட்காட்டி விரல், சுண்டு விரல் இரண்டை வைத்து பவர் கார்டு (இரண்டே சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) பழகுங்கள். அயோமியும் பெரும்பாலும் அந்த இரண்டு விரல்களைத்தான் நம்பினார்.

கேள்வி: அயோமி இப்போதும் வாசிக்கிறாரா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: 1970ல் வந்த முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தவர்கள் பிளாக் சபாத் குழுவினர். குழுவில் எத்தனையோ பேர் வந்து போனார்கள். கடைசிவரை நின்றவர் இவர் ஒருவர்தான். 2012ல் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலேயே அடுத்த ஆல்பத்துக்கு உழைத்தார்; 2013ல் வந்த அந்த '13' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2025 ஜூலை 5ல் பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் குழுவைத் தொடங்கிய நால்வரும் சேர்ந்து மேடையேறியபோது அவருக்கு வயது 77. அடுத்த 17ஆம் நாள் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பார்ன் காலமானார்.

கேள்வி: என் மகள் இடக்கைப் பழக்கக்காரி. வலக்கைக் கிட்டாரிலேயே பழக்கலாமா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: அவள் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து கிட்டார் மாதிரிப் பிடிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் பிடிக்கிறாளோ அதுவே அவள் பக்கம். இடக்கைக் கிட்டார் நம் ஊர்க் கடைகளில் எப்போதும் இருப்பில் இருக்காது. சொல்லி வைத்து, வரும்வரை பொறுத்து வாங்குங்கள்.