மாடியில் பதினேழு, வீடியோவில் பூஜ்யம்

அன்புள்ள சார்,

டிசம்பர் 14 விடிகாலை ஜெமினிட் எரிநட்சத்திரம் பார்க்க மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். நானும் மகளும் எண்ணியது பதினேழு. இரண்டு மணி நேரம் போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுத்தேன், அதில் ஒன்றுகூட இல்லை. போன் சரியில்லையா? டெலஸ்கோப் வாங்கிப் பொருத்தினால் வருமா?

க., திருவண்ணாமலை

அன்புள்ள க.,

டெலஸ்கோப் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் தெரிவது நிலாவைப் போல ஒன்றிரண்டு மடங்கு அகலமுள்ள வானம்தான், எரிநட்சத்திரம் எந்த மூலையில் வரும் என்று யார் கண்டது?

போன் மேலும் தப்பில்லை. ஜெமினிட் துகள் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து, பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துபோகிறது. நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேமில் விழுவது அதிகபட்சம் 1/30 நொடி வெளிச்சம். அதுவும் கோடாக இழுபட்டுப் பல பிக்சல்களுக்குப் பங்காகிவிடும். மிச்சமிருக்கிற மங்கல் கீற்றையும் இருட்டில் படத்தில் விழுகிற பொய்ப் புள்ளி என்று நினைத்துப் போனே துடைத்துவிடும்.

வாசலில் மாட்டுகிற சிசிடிவி கேமரா இதற்குத் தோதானது. குளோபல் மீட்டியர் நெட்வொர்க் என்று, பல நாடுகளில் கேமரா வைத்து எரிநட்சத்திரம் பதிவு செய்கிற குழுவில் இருக்கிற அமெச்சூர்கள் பலரும் சோனி ஐஎம்எக்ஸ்291 போன்ற, இருட்டிலும் பார்க்கிற சென்சாரோடு அகல லென்ஸ் போட்டு, ராஸ்பெர்ரி பை என்கிற கையடக்கக் கம்ப்யூட்டரில் இலவச மென்பொருளை ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். அது 256 பிரேம்களை ஒன்றாக மடித்து, ஒவ்வொரு பிக்சலிலும் அதிகம் ஒளிர்ந்த கணத்தை மட்டும் பிடித்து வைக்கும். பத்து நொடி வானம் ஒரே படத்தில் அடங்கிவிடும்.

ஒன்று, கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கை அணைத்துவிடுங்கள். நான் முதல் ராத்திரி மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று நாற்பது கோடு, தலைகால் புரியவில்லை எனக்கு. அப்புறம் அதில் ஒன்று பாதி வழியில் யூ டர்ன் அடித்தது. எல்லாம் அந்த விளக்கில் பளிச்சிட்ட விட்டில் பூச்சி.

வேலூர்ப் பக்கம் யாராவது இதே மாதிரி ஒன்று வைத்தால் அசல் லாபம். ஒரே எரிநட்சத்திரம் இரண்டு ஊரிலும் பதிவானால் உயரம், வேகம், அது சூரியனைச் சுற்றிய பாதை வரை கணக்குப் போடலாம். 1992 அக்டோபர் 9 அன்று அமெரிக்காவில் பீக்ஸ்கில்லில் நின்றிருந்த காரைப் பொத்தல் போட்ட 12 கிலோ கல்லின் பாதை அப்படித்தான் கிடைத்தது. அன்று பள்ளிக்கூட ஃபுட்பால் ஆட்டத்தை எடுக்கப் போனவர்களின் கேமராவிலும் அது மாட்டியிருந்தது.

கேமரா வரும்வரை மகளிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். அந்தப் பதினேழுக்கும் மணி குறித்தீர்களா?