காலநிலை மாற்றத்தில் விஞ்ஞானிகள் ஒத்துப்போகும்போது, பொதுவெளியில் மட்டும் ஏன் இவ்வளவு சர்ச்சை?

புவி சூடாவதற்கு மனிதச் செயல்பாடே முதன்மைக் காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சர்ச்சை பெரும்பாலும் பணத்தையும் அரசியலையும் ஒட்டியே எழுகிறது. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருள்களை எரிப்பதால் சேரும் கரியமில வாயு காலநிலையை மாற்றக்கூடும் என்று 1977-லேயே தம் நிர்வாகத்திடம் விளக்கினார். 1982-ல் அந்நிறுவனத்துக்குள் வரையப்பட்ட வரைபடம் காட்டிய வெப்ப உயர்வு, பின்னர் நிகழ்ந்ததோடு பெரிதும் பொருந்துகிறது. அப்படியிருந்தும், எண்ணெய், நிலக்கரி, வாகனத் துறையினர் 1989-ல் அமெரிக்காவில் அமைத்த உலகக் காலநிலைக் கூட்டணி, அறிவியல் இன்னும் உறுதிப்படவில்லை என்றே பிரசாரம் செய்துவந்தது. இது மன்னிக்க முடியாதது என்பதே என் கருத்து. ஆனால், எண்ணெயையும் நிலக்கரியையும் விட்டு மாறுவதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி நியாயமானது. பிழைப்பு போய்விடுமோ என்று அஞ்சும் சுரங்கத் தொழிலாளியை அந்தப் பிரசாரகர்களோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.